தொழிலுக்கும் ஒரு வெள்ளோட்டம்

முன்னுரை

புதிதாகக் கட்டிய தோணியில் முதல் நாளே சரக்கேற்றிக் கடலுக்கு அனுப்புவார் எவருமில்லை. வெறுந்தோணியாக நீரில் இறக்குவர். எங்கேனும் நீர் கசிகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா, சுக்கான் சொன்னபடி கேட்கிறதா எனக் கரையோரமாகவே ஓட்டிப் பார்ப்பர். புதிய தேருக்கும் இவ்வாறே ஓர் ஓட்டம் உண்டு. இதனைத் தமிழர் வெள்ளோட்டம் என்று அழைத்தனர். குறை இருப்பின் அது கரையருகிலேயே தெரிந்துவிட வேண்டும், நடுக்கடலில் தெரியலாகாது என்பதே இதன் நோக்கம்.

தோணிக்குக் காட்டும் இந்த எச்சரிக்கையைத் தொழில் தொடங்குவோர் பலர் தம் முதலுக்குக் காட்டுவதில்லை. வளைகுடா நாடுகளில் பத்து, பதினைந்து ஆண்டுகள் வெயிலில் உழைத்துச் சேர்த்த பணம், தாயின் கழுத்தில் கிடந்த நகை, தங்கையின் திருமணத்துக்கென ஒதுக்கி வைத்த தொகை ஆகியன ஒன்றுதிரண்டு கடைத்தெருவில் ஒரு கடையாக எழுகின்றன. அழைப்பிதழ் அச்சாகிறது, வண்ண விளக்குகள் ஒளிர்கின்றன, திறப்பு விழாவுக்கு ஊரே திரண்டு வருகிறது. ஓராண்டு கழியுமுன் அதே கடையின் கதவில் 'வாடகைக்கு விடப்படும்' என்னும் அட்டை தொங்குகிறது. உரியவர் மீண்டும் விசாவுக்காக அலைகிறார். அவர் இழந்தது பணம் மட்டுமன்று. ஊரோடும் உறவோடும் இருந்து பிழைக்கலாம் என்ற நம்பிக்கையையும் அவர் இழந்துவிடுகிறார்.

வாணிகம் என்றால் இடர் உண்டு. எல்லா இழப்பையும் தடுத்தல் எவர்க்கும் இயலாது. ஆயினும், சில ஆயிரம் ரூபாயில் அறிந்திருக்கக்கூடிய ஓர் உண்மையைப் பல இலட்சம் ரூபாய் கொடுத்து அறிந்துகொள்வது தடுக்கக்கூடிய இழப்பாகும். முதலிடுவதற்கு முன் ஒரு தொழில் எண்ணத்தைச் சோதித்தறிவது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நம்மிடம் இருந்த வழக்கம்

இச்சிந்தனை நமக்கு அயலானதன்று. திருக்குறளின் பொருட்பாலில் 47ஆம் அதிகாரம் 'தெரிந்துசெயல்வகை' எனப் பெயர் பெற்றுள்ளது. ஒரு செயலால் அழிவது எது, ஆவது எது, பின்னர் வரும் ஊதியம் எது என எண்ணிச் செய்க என்பது அவ்வதிகாரத்தின் தொடக்கக் கருத்து. வரப்போகும் இலாபத்தை எண்ணி, கையிலிருக்கும் முதலை இழக்கச் செய்யும் முயற்சியில் அறிவுடையோர் இறங்கமாட்டார் என்பதும் அங்கே கூறப்படுகிறது. இன்று வணிகவியல் வகுப்பறையில் நாம் கற்பிக்கும் பாடத்தின் கரு இதுவே.

நெல், அரிசி வாணிகம் செய்வோர் கையில் குத்தூசி ஒன்று இருக்கும். மூட்டையைப் பிரிக்காமலேயே அதனைக் குத்தி இழுத்தால் ஒரு பிடி தானியம் வெளிவரும். தேர்ந்த வாணிகர் மூட்டையின் வாயில் மட்டும் குத்திப் பார்த்து அமைவதில்லை. நடுவிலும் அடியிலும் குத்துவார். மேலே நல்ல அரிசியும் அடியில் குருணையும் இருக்கக்கூடும் என்பதை அவர் அறிவார்.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்னும் பழமொழியையும் இங்கு நினைவுகூர வேண்டும். முழுவதையும் உண்ணாமல் சிறிதைக் கொண்டே பெரிதை அறியலாம் என்பது அதன் பொருள். ஆனால் அதற்கொரு நிபந்தனை உண்டு. பானையில் இருப்பது ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு. ஆகவே ஒரு சோறு மற்றவற்றுக்குச் சான்றாகிறது. வாங்குவோர் அத்தகையர் அல்லர். ஒரு தெருவின் விருப்பம் மறு தெருவில் இராது. ஒரு மாதத்தின் தேவை மறு மாதத்தில் இராது. எனவே தொழிலைச் சோதிப்பவர்க்குப் பழமொழி தரும் துணிவும் வேண்டும். குத்தூசி கற்பிக்கும் ஐயமும் வேண்டும்.

எண்ணத்துள் மறைந்திருக்கும் ஊகங்கள்

'நம் ஊரில் இத்தொழில் நன்றாக ஓடும்' என்பது கேட்பதற்கு ஒரே வாக்கியம். பிரித்துப் பார்த்தால் அதனுள் ஐந்து ஊகங்கள் உள்ளன. இப்பொருளுக்குத் தேவை இருக்கிறது என்பது முதல் ஊகம். நாம் கருதும் விலையைக் கொடுத்து வாங்குவர் என்பது இரண்டாவது. அவ்விலைக்குக் கட்டுப்படியாகும் வகையில் நம்மால் செய்ய இயலும் என்பது மூன்றாவது. செய்த பொருளை வாங்குவோரிடம் கொண்டுசேர்க்க இயலும் என்பது நான்காவது. ஒரு முறை வாங்கியவர் மீண்டும் வருவார் என்பது ஐந்தாவது.

இவ்வைந்தில் ஒன்று பொய்த்தாலும் தொழில் சாயும். சோதனை என்பது இவற்றுள் எது மிகவும் ஐயத்துக்குரியதோ அதனை முதலில் எடுத்து, மிகக் குறைந்த செலவில் உண்மையா எனப் பார்ப்பதாகும். ஆனால் நடைமுறையில் நாம் எளிதானதையே முதலில் செய்கிறோம். கடைக்குப் பெயர் சூட்டுகிறோம், பெயர்ப்பலகை எழுதுகிறோம், தரைக்குக் கல் பதிக்கிறோம். பெயர்ப்பலகை நன்றாக அமையுமா என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஐயம் உள்ள இடமோ தொடப்படாமலே கிடக்கிறது.

ஜோப்ராவில் தொடங்கிய சோதனை

சிறிய அளவில் சோதித்துப் பெரிய அளவில் வென்ற முயற்சிகளுள் வங்காளதேசத்தின் கிராமீன் வங்கி குறிப்பிடத்தக்கது. 1974ஆம் ஆண்டு அந்நாட்டைக் கொடிய பஞ்சம் வாட்டியது. அப்போது சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர் முகமது யூனுஸ். பல்கலைக்கழகத்தை அடுத்திருந்த ஜோப்ரா என்னும் சிற்றூரில், மூங்கில் முக்காலி முடைவோர் போன்ற எளிய தொழிலாளர், மூலப்பொருள் வாங்கச் சிறு தொகை இல்லாமையால் வணிகரிடமும் கடன் கொடுப்போரிடமும் சிக்கிக் கிடப்பதை அவர் கண்டார். கணக்கெடுத்தபோது 42 பேருக்கும் சேர்த்துத் தேவைப்பட்டது 856 டாக்கா. அன்றைய மதிப்பில் அது 27 அமெரிக்க டாலருக்கும் குறைவு. அத்தொகையை அவர் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்தார்.

ஈடு காட்ட இயலாத ஏழைக்குக் கடன் கொடுத்தால் திரும்பாது என்பது அன்றைய வங்கிகளின் உறுதியான எண்ணம். அதனை எதிர்த்து யூனுஸ் கட்டுரை எழுதுவதோடு நிற்கவில்லை; கொடுத்துப் பார்த்தார். 1976இல் ஜோப்ராவில் தாமே பிணை நின்று வங்கியிலிருந்து கடன் பெற்றுத் தந்தார். கடன் திரும்பி வந்தது. உடனே மறுப்பும் எழுந்தது. 'பேராசிரியர் நேரில் நின்று பார்ப்பதால் இவ்வூரில் நடக்கிறது. வேறிடத்தில் நடவாது' என்றனர்.

இம்மறுப்பு பொருளற்றதன்று. சிறு சோதனை ஒவ்வொன்றின்மீதும் எழுப்பத்தக்க வினா இதுவே. யூனுஸ் இதற்கும் சொல்லால் விடை தரவில்லை. 1979இல் தமக்கு அறிமுகமற்ற டங்காயில் மாவட்டத்தில் அதே முறையைச் செய்து காட்டினார். அங்கும் நிலைபெற்ற பின்னரே 1983இல் கிராமீன் தனி வங்கியாக உருப்பெற்றது. 2006ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும் அவ்வங்கிக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. கைப்பணத்தில் தொடங்கிய முயற்சி வங்கியாவதற்கு ஏழாண்டுகளுக்கு மேல் ஆயின. இடையில் நிகழ்ந்தவை அனைத்தும் வெள்ளோட்டமே.

சோதனை வேறொன்றைச் சொல்லும்போது

நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் சோதனை விடை சொல்லும் என்பதில்லை. கேளாத கேள்விக்கும் சொல்லும். கென்யாவில் எம்-பெசா என்னும் கைப்பேசிப் பணச் சேவை உருவான வரலாறு இதற்குச் சான்று. 2005ஆம் ஆண்டு சஃபாரிகாம் நிறுவனம், சில நூறு பேரை மட்டும் கொண்டு ஒரு முன்னோட்டத்தை நடத்தியது. சிறுகடன் பெற்றவர்கள் தம் தவணையைக் கைப்பேசி வழியே செலுத்த வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஆனால் அச்சேவையைப் பெற்ற மக்கள் அதனை வேறு வகையில் பயன்படுத்தத் தொடங்கினர். ஒருவர் மற்றவர்க்குப் பணம் அனுப்பினார். வணிகர் சிலர் இரவில் பணத்தைக் கையில் வைத்திருக்க அஞ்சி அதில் போட்டு வைத்தனர். தவணை செலுத்துவதைவிடத் தொலைவிலுள்ள உறவினர்க்குப் பணம் அனுப்புவதே அவர்களின் உண்மையான தேவை என்பது வெளிப்பட்டது. நிறுவனம் தன் முதல் எண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. 2007 மார்ச்சில் நாடு முழுவதும் தொடங்கியபோது 'வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்' என்பதையே தன் அழைப்பாகக் கொண்டது. அச்சேவை கென்ய மக்களின் அன்றாட வாழ்வில் ஒன்றிப்போனது. முன்னோட்டமின்றிப் பெருமுதலிட்டுத் தவணைச் சேவையையே தொடங்கியிருந்தால் இவ்வுண்மை மிகுந்த பொருட்செலவுக்குப் பின்னரே தெரிந்திருக்கும்.

வாங்குவோர் வாழும் இடத்தில்

சோதனை செய்தும் தோற்றவர் உண்டு. சவர அலகு செய்யும் ஜில்லெட் நிறுவனம் இந்தியச் சந்தைக்கென ஒரு சவரக் கருவியை உருவாக்கியபோது, அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இந்திய மாணவர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டது. அவர்கள் நன்று என்றனர். இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அது எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. காரணம் பின்னரே விளங்கிற்று. சோதித்த மாணவர்களுக்குக் குழாயில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. நம் நாட்டில் பலர் தரையில் அமர்ந்து, ஒரு குவளை நீரை வைத்துக்கொண்டு சவரம் செய்பவர்கள். அலகினுள் சிக்கிய மயிரை அந்நீரால் எளிதில் அகற்ற இயலவில்லை. மாணவர்கள் இந்தியர்தாம், அவர்கள் நின்ற இடம் இந்தியாவன்று.

பின்னர் அந்நிறுவனத்தார் இந்தியர் வீடுகளுக்கே வந்து, ஆடவர் சவரம் செய்வதைப் பல நாள் உடனிருந்து பார்த்தனர். அதன் பயனாக 2010இல் வெளிவந்த எளிய கருவி 15 ரூபாய்க்கும், அதன் அலகு 5 ரூபாய்க்கும் விற்பனைக்கு வந்து நல்ல வரவேற்பைப் பெற்றது.

கெல்லாக்ஸ் நிறுவனம் 1994இல் இந்தியாவுக்குச் சோள அவல் கொண்டுவந்தபோதும் இத்தகைய இடர் நேர்ந்தது. குளிர்ந்த பாலில் மொறுமொறுப்பாக உண்ணத்தக்க உணவு அது. நம் வீடுகளிலோ காலையில் பாலைக் காய்ச்சிச் சூடாகவே ஊற்றுவது வழக்கம். சூடான பாலில் அவல் குழைந்து போயிற்று. பொருளில் குறையில்லை, அப்பொருள் சென்று சேரும் அடுக்களையை முன்னரே பார்த்திராததே குறை.

கேட்க வேண்டிய கேள்வி

இடம் சரியாக இருந்தும் கேள்வி தவறினால் பயனில்லை. 1985 ஏப்ரல் 23 அன்று கோகோ கோலா நிறுவனம் தன் பழைய பானத்தின் சுவையை மாற்றிப் புதிய பானத்தை அறிவித்தது. அதற்கு முன் ஏறத்தாழ 2 இலட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடத்தியிருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் புதியதே இனிது என்றனர். இத்துணைப் பெரிய சோதனைக்குப் பிறகும், 79 நாள்களில், ஜூலை 11 அன்று, பழைய பானத்தை மீண்டும் கொண்டுவருவதாக அந்நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது.

பிழை எங்கே? 'இவ்விரண்டில் எது சுவையானது?' என்பது கேட்கப்பட்ட கேள்வி. 'புதியதைத் தேர்ந்தால் பழையது இனிக் கிடைக்காது, சம்மதமா?' என்பது மக்கள் முன் வைக்கப்படவில்லை. ஒரு மிடறு சுவைத்து விடை சொல்வது வேறு. இளமை முதல் பழகிய ஒன்றை இழப்பது வேறு. இரண்டு இலட்சம் விடைகள் இருந்தும், வேண்டிய ஒரு விடை அவற்றுள் இல்லை.

நம் ஊர்களில் இப்பிழை வேறு உருவில் நிகழ்கிறது. புதிதாகச் செய்த பலகாரத்தை உறவினர் வீடுகளுக்குக் கொடுத்துக் கருத்துக் கேட்கிறோம். சாச்சி சுவைத்துவிட்டு 'அருமை' என்பார். மாமா 'இதைக் கடையாகவே போடலாம்' என்பார். அன்பினால் எழும் சொற்கள் அவை. காசு கொடுத்து வாங்கிய ஒருவர், தம் வீட்டார் கேட்டதால் மறுவாரம் மீண்டும் வந்து வாங்குவாராயின், அவர் ஒரு சொல்லும் சொல்லாவிட்டாலும் சான்று கூறியவர் ஆகிறார். பாராட்டைவிட மறுகொள்முதல் வலிய சான்று.

அளவறிந்து தொடங்கல்

அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டு நிகழ்ந்த இரண்டு தொடக்கங்களை ஒப்பிட்டால் சோதனையின் மதிப்பு நன்கு விளங்கும்.

வெப்வேன் என்னும் நிறுவனம் இணையத்தின் வழியே மளிகைப் பொருள்களுக்கு ஆணை பெற்று வீட்டுக்கே கொண்டு கொடுக்க முனைந்தது. 1999 ஜூனில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் பணி தொடங்கிய அந்நிறுவனம், அந்த ஒரு பகுதியில் தொழில் கட்டுப்படியாகிறதா என்பது தெளியுமுன்னரே, பல நகரங்களில் 26 பெருங்கிடங்குகள் கட்ட 100 கோடி டாலர் அளவிலான ஒப்பந்தம் செய்தது. கிடங்குகள் எழுந்த அளவுக்கு ஆணைகள் வரவில்லை. 2001 ஜூலையில் நிறுவனம் நொடித்தது. அதன் எண்ணம் தவறானதன்று. வீட்டுக்கே மளிகை கொண்டுதரும் தொழில் இன்று நம் நகரங்களிலும் நடைபெறுகிறது. அதன் வேகமே அதனை வீழ்த்தியது.

அதே ஆண்டு நிக் ஸ்வின்மர்ன் என்னும் இளைஞர் காலணிகளை இணையத்தில் விற்க எண்ணினார். அணிந்து பாராமல் காலணியை எவரேனும் வாங்குவரா என்பதே அவருக்கிருந்த பெரிய ஐயம். அதனை அறிய அவர் கிடங்கு கட்டவில்லை; சரக்கும் வாங்கவில்லை. அருகிலிருந்த கடைகளில் காலணிகளைப் படமெடுத்து இணையத்தில் இட்டார். எவரேனும் ஆணை கொடுத்தால், அக்கடைக்குச் சென்று முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். அவ்விற்பனையில் அவர்க்கு இலாபமில்லை. ஆயினும் 'வாங்குவர்' என்னும் விடை சிறுசெலவில் கிடைத்துவிட்டது. அவ்விடையின்மீது எழுந்த ஸாப்போஸ் நிறுவனத்தை 2009இல் அமேசான் பெருந்தொகைக்கு வாங்கியது.

தமிழகத்திலும் சிறிதாகத் தொடங்கி வளர்ந்தவை பல. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அன்று இருந்தவை 11 படுக்கைகள். கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலில் 'சிக்' ஷாம்புத் தொழிலைத் தொடங்கினார். அவர் தந்தை சின்னி கிருஷ்ணன் சிறு உறைகளில் பொருளை அடைத்து விற்கும் முறையை வளர்த்தவர். மகனின் நிறுவனம் சிற்றூர்களுக்குச் சென்று, மக்கள் முன்னிலையிலேயே சிறுவரின் தலையை ஷாம்பு இட்டுக் கழுவிக் காட்டிற்று. இங்கே மற்றுமொரு நுட்பம் உண்டு. விற்பவரைப் போலவே வாங்குபவரும் சோதிக்கிறார். பெரிய புட்டி வாங்கி, பிடிக்காவிட்டால் அவர்க்கு இழப்பு மிகுதி. சிறு உறை வாங்கினால் இழப்பு சில காசுகளே. வாங்குவோரின் சோதனைச் செலவைக் குறைப்பவர்க்கு விற்பனை எளிதாகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

இனி இவற்றை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். பட்டப்படிப்பு முடித்த இளைஞர் ஒருவர், நோன்புக் கஞ்சிக்கான அரைத்த கலவையைப் பொட்டலமாக்கி ஆண்டு முழுவதும் விற்கத் திட்டமிடுகிறார் எனக் கொள்வோம். அரவை இயந்திரத்துக்கும் கடை முன்பணத்துக்குமாக 5 இலட்சம் ரூபாய் வேண்டும் என்கிறார். தருவதற்குக் குடும்பமும் முன்வந்துள்ளது. பணம் கைமாறுமுன் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, தாளில் கணக்கிடல். ஒரு பொட்டலத்தின் விலை 60 ரூபாய் எனக் கொள்வோம். அரிசி, பருப்பு, வெந்தயம் முதலியவற்றுக்கு 32 ரூபாய். உறைக்கு 4 ரூபாய். கடைக்காரர் கழிவு 9 ரூபாய். ஆகச் செலவு 45 ரூபாய். மிஞ்சுவது 15 ரூபாய். வாடகை, இருவர்க்குக் கூலி, மின்கட்டணம் முதலியவற்றுக்கு மாதம் 30,000 ரூபாய் எனில், கைக்கட்டு இல்லாமல் தொழில் நடக்க மாதந்தோறும் 2,000 பொட்டலம் விற்றாக வேண்டும். இந்த எண்ணே சோதனையின் மையம். இலாபம் அதற்கு மேல்தான் தொடங்கும்.

இரண்டாவது, சிறிதாகச் செய்து பார்த்தல். இயந்திரம் வாங்காமல், வீட்டு அடுக்களையிலும் ஊர் அரவை ஆலையிலுமாக 100 பொட்டலம் செய்யலாம். அதற்கு ஆகும் செலவு 3,600 ரூபாய். உணவுப் பொருள் என்பதால், சிறிய அளவாயினும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படிப் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். சோதனை என்பது தூய்மைக்கும் சட்டத்துக்கும் விலக்கு ஆகாது.

மூன்றாவது, வேறுபட்ட இடங்களில் வைத்தல். ஒரே தெருவில் வைக்காமல், பள்ளிவாசல் தெரு, பேருந்து நிலையம், பிற சமயத்தார் மிகுதியாக வாழும் பகுதி, அரசு ஊழியர் குடியிருப்பு, சந்தை என ஐந்து இடங்களில் கடைக்கு 20 பொட்டலம் வைக்கலாம். குத்தூசி மூட்டையின் அடிவரை செல்ல வேண்டுமன்றோ? முழு விலைக்கே விற்க வேண்டும். இலவசமாகக் கொடுத்தால் இலவசத்துக்கு விருப்பம் உண்டு என்பது மட்டுமே தெரியவரும்.

நான்காவது, எண்ணுதல். வாரம் எத்தனை விற்றன என்பதோடு, முன்பு வாங்கியவருள் எத்தனை பேர் மீண்டும் வாங்கினர் என்பதையும் கடைக்காரரிடம் குறித்துவைக்கச் சொல்ல வேண்டும். சிற்றூர்க் கடைக்காரர்க்கு வாடிக்கையாளர் முகம் மறவாது. இது அவர்க்கு அரிதான வேலையன்று. நான்கு வாரங்களில் ஒரு கடையில் வாரத்துக்குச் சராசரி 20 பொட்டலம் விற்றால், மாதம் 80. 2,000 விற்க 25 கடைகள் போதும். வாரத்துக்கு 8 மட்டுமே விற்றால், மாதம் 32. அப்போது 63 கடைகள் வேண்டும். நம் ஊரில் அத்தனை கடைகள் உண்டா, அவற்றுக்கெல்லாம் கொண்டு கொடுக்கும் வண்டிச் செலவு கணக்கில் உள்ளதா என்னும் கேள்விகள் தாமாக எழும். ஊகமாக இருந்த ஒன்று எண்ணாக மாறிவிட்டது.

ஐந்தாவது, காலம் அறிதல். இச்சோதனையை ரமலான் மாதத்தில் செய்தால் 100 பொட்டலமும் ஒரே நாளில் தீரக்கூடும். அதனைக் கொண்டு ஆண்டுக்கணக்கைப் போட்டால் மற்றைய பதினொரு மாதங்கள் ஏமாற்றிவிடும். எனவே சாதாரண மாதம் ஒன்றிலும் சோதிக்க வேண்டும். ஒருகால், இது ஆண்டு முழுவதும் நடத்தத்தக்க தொழிலன்று, ஆண்டுக்கு ஆறு வாரம் வீட்டிலிருந்தே செய்து நல்ல வருவாய் ஈட்டத்தக்க பருவத் தொழில் என்பது தெரியவரலாம். அதுவும் வெற்றியே. 5 இலட்சம் ரூபாயும் பெட்டியிலேயே இருக்கும்.

ஆறாவது, எல்லைக்கோட்டை முன்பே எழுதிவைத்தல். எத்தனை விற்றால் மேலே செல்வோம், எத்தனைக்குக் குறைந்தால் நிறுத்துவோம் என்பதைச் சோதனை தொடங்குமுன் தாளில் எழுதி, மூத்தவர் ஒருவரிடம் கொடுத்து வைப்பது நன்று. பின்னர் முடிவு செய்யலாம் என விட்டுவிட்டால், மனம் தனக்கு வேண்டியதையே காணும். விற்காத வாரத்துக்கு மழையைக் காரணம் சொல்லும். விற்ற வாரத்தைத் தன் திறமை என்னும்.

சோதனையின் எல்லைகள்

சோதனை அனைத்தையும் சொல்லிவிடும் என நம்புதலும் பிழையாகும். நூறு பொட்டலத்தைத் தாயார் தம் கையால் பக்குவமாகச் செய்தார். இரண்டாயிரம் பொட்டலத்தில் அப்பக்குவம் நிற்குமா என்பது வேறு கேள்வி. சிறு கடை பெருகியபின் போட்டிக் கடைகள் எழும். அவை சோதனைக் காலத்தில் இல்லாதவை. பாலம், மருத்துவமனை போன்றவற்றுள் பாதியைக் கட்டிச் சோதிக்க இயலாதவையும் உண்டு. அங்கே ஆய்வும் அனுபவமுடையோர் அறிவுரையுமே துணை.

மற்றொரு பக்கமும் உண்டு. சிலர் சோதித்துக்கொண்டே இருப்பர், ஒருநாளும் தொடங்கார். வெள்ளோட்டத்திலேயே காலம் கழிக்கும் தோணி சரக்கேற்றுவதில்லை. முன்பே எழுதிய எல்லைக்கோடு இதற்கும் மருந்தாகும். எண் எட்டப்பட்டால் தயங்காது தொடங்க வேண்டும்.

சோதனையில் நேர்மையும் வேண்டும். இல்லாத பொருளை இருப்பதாகச் சொல்லி முன்பணம் பெறுதல் சோதனையன்று, வஞ்சகம். 'இது முயற்சி நிலையில் உள்ளது. குறை இருப்பின் சொல்லுங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம்' என்று வெளிப்படையாகக் கூறினால் வாங்குவோர் விலகுவதில்லை. குறைகளை மனமுவந்து சொல்லித் துணை நிற்பர்.

முடிவுரை

மாணவர்க்கு நாம் கூறுவது இது. கல்லூரிக் காலம் வெள்ளோட்டத்துக்கு உகந்த காலம். ஆண்டு விழாவில் ஒரு சிறு கடை, விடுதி நண்பர்க்கு ஒரு சிறு சேவை என நூறு ரூபாய் அளவில் எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கலாம். அங்கே தோற்றால் இழப்பது ஒரு மாலைப்பொழுது. கற்பதோ வாழ்நாள் முழுவதும் உதவும்.

ஆசிரியப் பெருமக்கள், வணிகத் திட்டம் எழுதச் சொல்வதோடு, அத்திட்டத்தின் ஓர் ஊகத்தையாவது கடைத்தெருவில் சோதித்து வருமாறு மாணவரைப் பணிக்கலாம். தாளில் எழுதிய இலாபம் கடைத்தெருவில் நிற்கிறதா என்பதை மாணவரே கண்டறிவது சிறந்த பாடமாகும்.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். முதல் கேட்டு வரும் இளைஞரை 'உன்னால் இயலாது' எனத் திருப்பி அனுப்பவும் வேண்டா. பாசத்தால் கேட்ட தொகை முழுவதையும் ஒருங்கே தரவும் வேண்டா. 'நூறு பேருக்கு விற்றுக் காட்டினாயா? அவர்களுள் எத்தனை பேர் திரும்பி வந்தனர்?' என்று கேளுங்கள். இன்னும் விற்றுப் பார்க்கவில்லை என்றால், அச்சோதனைக்கு வேண்டிய சில ஆயிரத்தை மட்டும் முதலில் கொடுங்கள். விடை நன்றாக வந்தால் எஞ்சியதை நம்பிக்கையோடு தரலாம். விடை மாறாக வந்தால், அவர் குடும்பத்தின் சேமிப்பையும் தங்கையின் திருமணத்தையும் நீங்கள் காத்தவர் ஆவீர்கள்; அவ்விளைஞரும் கடனின்றி அடுத்த எண்ணத்துக்குச் செல்வார்.

கரையோரம் ஓட்டிப் பார்த்துக் கசிவை அடைத்த தோணி, பின்னர்த் துணிந்து சரக்கேற்றலாம். நம் ஊர்க் கடைத்தெருக்களில் இனி எழும் புதிய கடைகள் அத்தகைய தோணிகளாக அமைக!